கேர் சர்டிபிகேட்டின் 10, 11-ஆம் தரங்கள்: இலவச ஒர்க்புக் எதைச் சொல்லித்தருகிறது, எதை விட்டுவிடுகிறது

இங்கிலாந்தில் கேர் ஹோம் வேலைக்கோ, வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் ஹோம் கேர் வேலைக்கோ புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் கொடுக்கப்படுவது கேர் சர்டிபிகேட் பயிற்சி. அதில் 10-ஆவது தரம், பராமரிப்பில் இருக்கும் பெரியவர்களைத் துன்புறுத்தலிலிருந்து காப்பது பற்றியது. 11-ஆவது, குழந்தைகளைக் காப்பது பற்றியது. வேலையிடத்தில் இரண்டையும் சேர்த்து ‘சேஃப்கார்டிங்’ என்பார்கள். பராமரிப்பு ஊழியர்களின் பயிற்சியைக் கவனிக்கும் ஸ்கில்ஸ் ஃபார் கேர் அமைப்பு இந்த இரண்டு தரங்களுக்கும் இலவசமாகத் தரும் ஒர்க்புக்குகளைப் பற்றியது இந்த மதிப்புரை. காசு கொடுத்து வாங்கும் ஆன்லைன் வகுப்புகளையும் கூடவே பார்க்கிறோம், ஏனென்றால் நம்மவர்களில் பலர் முதலில் போய் விழுவது அங்கேதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 10-ஆவது ஒர்க்புக்கைக் கட்டாயம் படிக்க வேண்டும். காசு கொடுத்து வேறொன்றை வாங்கும் முன் இதை ஒரு தடவை முழுவதும் எழுதி முடித்துவிடுங்கள். 11 மிக மெலிந்தது, அதை மட்டும் நம்பி ஒரு குழந்தையின் விஷயத்தில் இறங்க முடியாது. இரண்டிலும் ஒரே குறை. துன்புறுத்தலின் வகைகளைப் பட்டியலிட நிறைய இடம் இருக்கிறது. ஒருவர் நம்மிடம் வாய்திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது என்பதற்கு இடம் போதவில்லை. பெரும்பாலான விஷயங்கள் கெட்டுப்போவது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

இந்தச் சான்றிதழ் எப்படி வந்தது என்று தெரிந்தால் அதன் வடிவம் புரியும். மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் மருத்துவமனையில் நோயாளிகள் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் தவித்த கொடுமையை விசாரித்த ஃபிரான்சிஸ் அறிக்கை 2013 பிப்ரவரியில் வெளியானது. அடிமட்டப் பராமரிப்பு ஊழியர்களுக்கு ஒரே மாதிரியான அடிப்படைப் பயிற்சி இல்லை என்பதை அதே ஆண்டு ஜூலையில் கேவண்டிஷ் அறிக்கை எடுத்துக்காட்டியது. அதன் பலனாக 2015 ஏப்ரலில் 15 தரங்களோடு கேர் சர்டிபிகேட் வந்தது. 2025-இல் கற்றல் குறைபாடு, ஆட்டிசம் பற்றிய 16-ஆவது தரம் சேர்ந்தது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஒர்க்புக்கை எழுதி முடித்தாலோ, ஆன்லைனில் கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டாலோ கேர் சர்டிபிகேட் கிடைத்துவிடாது. நீங்கள் வேலை செய்வதை நிறுவனத்தில் தகுதியுள்ள ஒருவர் நேரில் பார்த்து, கேட்டு, கையெழுத்துப் போட வேண்டும். முழுநேர ஊழியருக்குச் சுமார் 12 வாரம் என்பது வழிகாட்டுதலில் சொல்லப்பட்ட கணக்கு. ‘அரை நாளில் 15 தரமும் முடியும், சான்றிதழ் உடனே மின்னஞ்சலில்’ என்று விற்கப்படுவது வெறும் பாடக் குறிப்பு. வேலை மாறும்போது புதிய மேனேஜர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “யார் உங்களை மதிப்பிட்டார்கள்?” என்று கேட்பார். பதில் இருக்காது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே அங்கீகாரம் பெற்ற ‘லெவல் 2 அடல்ட் சோஷியல் கேர் சர்டிபிகேட்’ என்ற தகுதி 2024-இல் அறிமுகமானது. அது ஒரு நிறுவனத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தாராளமாகக் கூடவே வரும்.

‘லெவல் 2’ என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். சேஃப்கார்டிங்கில் இந்தச் சொல்லுக்கு மூன்று வேறு பொருள் இருக்கிறது. ஒன்று, தேர்வு அமைப்புகள் தரும் தகுதியின் நிலை. இரண்டாவது, மருத்துவத் துறையின் ராயல் கல்லூரிகள் சேர்ந்து வெளியிட்ட திறன் ஆவணங்களில் வரும் நிலை. பெரியவர்களுக்கான ஆவணம் 2018-இலும், குழந்தைகளுக்கான நான்காம் பதிப்பு 2019-இலும் வந்தன. 2019 ஆவணத்தின்படி லெவல் 1-இல் இருப்பவருக்கு மூன்றாண்டில் குறைந்தது 2 மணி நேரம், லெவல் 2-இல் இருப்பவருக்கு 4 மணி நேரம், லெவல் 3-க்கு 8 மணி நேரம் புதுப்பிப்புப் பயிற்சி வேண்டும். மூன்றாவது, ஆன்லைன் வியாபாரிகள் தங்கள் வகுப்புக்குத் தாங்களே ஒட்டிக்கொள்ளும் லேபிள். முக்கால் மணி நேர வீடியோ, பிறகு இருபது கேள்வி, தவறினால் திரும்பத் திரும்ப எழுதலாம் என்ற வகுப்பும் தன்னை ‘லெவல் 2’ என்றே அழைத்துக்கொள்ளும். சான்றிதழின் கீழே ‘சிபிடி அங்கீகாரம்’ (தொடர் தொழில் பயிற்சி என்ற அங்கீகாரம்) என்று முத்திரை இருந்தால் அது தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவால் அங்கீகரித்த தகுதி என்று பொருளல்ல. வாங்கும் முன் மூன்றே மூன்று பார்க்கலாம். எத்தனை மணி நேரம் என்று அச்சில் இருக்கிறதா? எந்த நாட்டுச் சட்டம் என்று சொல்லியிருக்கிறதா? இங்கிலாந்துச் சட்டமும் ஸ்காட்லாந்துச் சட்டமும் வேறு வேறு. கடைசியாக, சந்தேகம் கேட்க ஓர் ஆள் இருக்கிறாரா?

இனி 10-ஆவது ஒர்க்புக். நான்கு பகுதிகள். கொள்கைகளைப் புரிந்துகொள்வது, துன்புறுத்தல் நடக்காமல் குறைப்பது, சந்தேகம் வந்தாலோ ஒருவர் சொன்னாலோ என்ன செய்வது, உள்ளூரிலும் நாடு முழுவதிலும் இருக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகள். பத்து வகைத் துன்புறுத்தலும் இடம்பெறுகின்றன. உடல்ரீதி, குடும்ப வன்முறை, பாலியல், மனரீதி, பணம் சொத்து சார்ந்தது, நவீன அடிமைத்தனம், பாகுபாடு, நிறுவனரீதி, புறக்கணிப்பு, தன்னைத் தானே கவனிக்காமல் விடுவது. 2014-ஆம் ஆண்டு கேர் சட்டத்துக்கான அரசு வழிகாட்டுதலில் உள்ள பட்டியல் இது.

சட்டத்தின் 42-ஆவது பிரிவைப் பொறுமையாக உட்கார்ந்து படியுங்கள். கவுன்சில், அதாவது உள்ளாட்சி நிர்வாகம், விசாரித்தே ஆக வேண்டும் என்பதற்கு மூன்று நிபந்தனைகள். அந்தப் பெரியவருக்குப் பராமரிப்பும் ஆதரவும் தேவைப்பட வேண்டும். அவருக்குத் துன்புறுத்தலோ புறக்கணிப்போ நடக்க வேண்டும், அல்லது நடக்கும் ஆபத்து இருக்க வேண்டும். அந்தத் தேவையின் காரணமாகவே தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவராக அவர் இருக்க வேண்டும். நிரூபணம் கேட்கவில்லை, சந்தேகிக்க நியாயமான காரணம் போதும். அவருடைய பராமரிப்புச் செலவைக் கவுன்சில் கட்டுகிறதா, அவரே கட்டுகிறாரா என்பது இங்கே பொருட்டே இல்லை. ‘பிரைவேட் கிளையன்ட், கவுன்சிலுக்கு என்ன சம்பந்தம்’ என்று ஏஜென்சிகளில் அடிக்கடி கேட்கும் பேச்சுக்கு இந்த ஒரு வரியே பதில்.

தமிழில் யோசிக்கிறவர்களுக்கு இங்கே இரண்டு இடத்தில் கால் இடறும். நமக்குப் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்தான் எல்லாவற்றுக்கும். அதனால் ஈரத் தரையில் வழுக்கி விழாமல் பார்ப்பதும், தீயணைப்பு வழியும், மகன் பென்ஷனைப் பிடுங்கிக்கொள்வதும் ஒரே பெட்டிக்குள் போய்விடுகின்றன. வழுக்கும் தரை 13-ஆவது தரம், பணியிட உடல்நலப் பாதுகாப்பு. 10-ஆவது தரம் ஒருவர் இன்னொருவருக்குச் செய்வதையும், செய்யாமல் விடுவதையும் பற்றியது. ஆனால் ஒரே தரையில் ஒரே பாட்டி மூன்றாவது தடவை விழுந்து, ஒவ்வொரு தடவையும் அழைப்பு மணி எட்டாத இடத்தில் கிடந்தது என்றால் அது 13-இலிருந்து 10-க்கு வந்துவிடுகிறது.

அடுத்தது ‘புறக்கணிப்பு’. தமிழில் இந்தச் சொல் வேண்டுமென்றே ஒதுக்குவதைக் குறிக்கும். தேர்தல் புறக்கணிப்பு என்கிறோமே, அந்த வாசனை. சட்டம் சொல்வது அவ்வளவு குறுகலானதல்ல. கண்டுகொள்ளாமல் விடுவது, மறப்பது, ஆள் போதாமல் தள்ளிப்போடுவது எல்லாம் அதில் அடங்கும். 2013 ஜனவரியில் சர்ரேயில் ஒரு ஹோம் கேர் ஏஜென்சியைக் குடியேற்றத் துறை சோதனையிட்டு, அது மூடப்பட்டது. அதை நம்பியிருந்த 81 வயதுப் பெண்மணிக்கு மாற்று ஆள் யாரும் அனுப்பப்படவில்லை. ஒன்பது நாள் சாப்பாடும் தண்ணீரும் மருந்தும் இல்லாமல் கிடந்தவரை வீட்டுக்கு வந்த நர்ஸ் ஒருவர் கண்டார். பிப்ரவரியில் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. யாரும் அவர்மேல் கை ஓங்கவில்லை, யாருக்கும் அவர்மேல் பகையும் இல்லை. ‘யாரும் போகவில்லை’ என்ற இரண்டு சொல்லில் முடிந்துபோன புறக்கணிப்பு அது.

கட்டுப்படுத்தும் நடைமுறைகள் பற்றிய பகுதியும் நன்றாக இருக்கிறது. கயிற்றால் கட்டுவது மட்டும் கட்டுப்படுத்துவது அல்ல. எழுந்திருக்க முடியாதபடி நாற்காலிக்கு முன்னால் மேசையை நெருக்கித் தள்ளுவது, நடைச்சட்டத்தைக் கைக்கு எட்டாத மூலையில் வைப்பது, சம்மதமோ மதிப்பீடோ இல்லாமல் கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றுவது, ‘தூங்கட்டும்’ என்று தேவைக்கு மேல் மருந்து கேட்டு வாங்குவது எல்லாமே அதுதான். இரவு ஷிஃப்டில் இரண்டு பேர் முப்பது பேரைப் பார்க்கும் இடத்தில் இவை கெட்ட எண்ணத்தில் தொடங்குவதில்லை, வேலையை முடிக்கும் வழியாகத் தொடங்குகின்றன. அங்கிருந்து நிறுவனரீதியான துன்புறுத்தலுக்கு வெகுதூரம் இல்லை.

இவ்வளவு நன்றாகச் சொன்ன ஒர்க்புக் மூன்றாம் பகுதிக்கு வந்ததும் சுருங்கிவிடுகிறது. காரணம் தரத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. அது கேட்பதெல்லாம் பெரும்பாலும் ‘பட்டியலிடு’, ‘விவரி’, ‘விளக்கு’. ‘செய்து காட்டு’ என்று கேட்பது அரிது. சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு ‘மேனேஜரிடம் சொல்வேன், நிறுவனத்தின் கொள்கைப்படி நடப்பேன்’ என்று எழுதினால் மதிப்பிடுகிறவர் டிக் போட்டுவிடுவார். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று கீழே விரிக்கிறோம். இந்தப் பகுதியை அச்செடுத்து ஒர்க்புக்கிலேயே சொருகி வைத்துக்கொள்ளலாம்.

உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் அவசர எண் 999, மற்றதெல்லாம் பிறகு. ஆபத்து இல்லையென்றால் கேளுங்கள், குறுக்கிடாமல். “இதை யாரிடமும் சொல்லாதே” என்று அவர் கேட்டால், “சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். “உங்களுக்கு உதவி செய்ய வேண்டியவரிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும், யாரிடம் சொல்கிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்” என்பது சரியான பதில். கேள்வி கேட்க வேண்டியிருந்தால் ‘சொல்லுங்கள், விளக்குங்கள், விவரியுங்கள்’ என்ற மூன்றோடு நிறுத்துங்கள். “உங்கள் மகன்தான் அடித்தாரா?” என்று கேட்டுவிட்டால், பின்னால் நீதிமன்றத்தில் அந்தப் பதில் அவருடையதா, நீங்கள் வாயில் வைத்ததா என்ற கேள்வி வரும். ஏன் அடித்தான், எத்தனை நாளாக என்று துருவுவது போலீஸும் கவுன்சிலும் செய்ய வேண்டிய வேலை. சந்தேகத்துக்குரியவரிடம் போய் “இப்படிச் செய்தீர்களாமே” என்று கேட்கவே கூடாது. நல்ல மனதோடு செய்யும் இந்த ஒரு காரியம், அன்றிரவே அந்த வீட்டில் இன்னொரு அடியாக விழும்.

பாலியல் வன்முறை என்ற சந்தேகம் இருந்தால் குளிப்பாட்டாதீர்கள், படுக்கை விரிப்பை மாற்றாதீர்கள், அறையைத் துடைக்காதீர்கள். அவர் கழற்றிய துணியை எடுத்து வைக்க வேண்டியிருந்தால் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெடும். அழுக்காக இருப்பவரைச் சுத்தம் செய்யத் துடிப்பது நம் கைப்பழக்கம். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது கடினம் என்பது தெரிந்ததே, ஆனாலும் நிற்க வேண்டும். காயத்தை உங்கள் சொந்த ஃபோனில் படம் எடுக்காதீர்கள். அதை வாட்ஸப் குழுவில் போட்டு “இதப் பாத்தீங்களா?” என்று கேட்பது துன்புறுத்தப்பட்டவருக்கு இழைக்கும் இன்னொரு தீங்கு, தகவல் பாதுகாப்புச் சட்டப்படி தவறும்கூட. காயத்தை உடல் வரைபடத் தாளில் குறியுங்கள்.

எழுதுவதில்தான் அதிகம் கோட்டைவிடுகிறோம். ‘பாட்டி அப்செட்டாக இருந்தார், மகன் அடித்திருப்பார் போலத் தெரிகிறது’ என்பது பதிவல்ல. இப்படி இருக்க வேண்டும்: ‘காலை 8.40, குளியலறை. வலது மேல்கையின் உள்பக்கம் வட்டமாகக் கன்றிய தடம் நான்கு, ஒவ்வொன்றும் சுமார் 1 செ.மீ. எப்படி வந்தது என்று சொல்லுங்கள் என்று கேட்டேன். “அவன் பிடிச்சு இழுத்தான்” என்றார். யார் என்று சொல்லவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை. 8.55-க்கு டூட்டி மேனேஜரிடம் சொன்னேன்.’ கீழே பெயர், பதவி, கையெழுத்து, தேதி. எழுத்துப் பிழை வந்தால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம். வெள்ளை மை வேண்டாம். கன்றலின் நிறத்தை வைத்து ‘மூன்று நாள் பழசு’ என்று கணிக்க வேண்டாம். நிறத்தைக் கொண்டு வயதைச் சொல்ல மருத்துவர்களாலேயே முடியாது. கருமையான தோலில் கன்றலும் படுக்கைப்புண்ணின் தொடக்கமும் சிவப்பாகத் தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ, கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். நம் பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இது கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

தமிழ் பேசும் கேரர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலை எந்த ஆங்கில ஒர்க்புக்கும் சொல்லாது. ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ ஒரு தமிழ்ப் பெரியவர், “நேத்து கை நீட்டிட்டான்” என்று சொல்கிறார். அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் யாரோ கையை நீட்டினார்கள் என்றுதான் வரும். அடித்தான் என்பது காணாமல் போய்விடும். “சோறு கண்ணுல காட்டல”, “வாசலத் தாண்ட விடறதில்ல”, “புத்தகம் அவன்கிட்டதான் இருக்கு” என்பதெல்லாம் இப்படித்தான். கடைசி வாக்கியத்தில் ‘புத்தகம்’ வங்கிப் புத்தகம். அதனால் முதலில் அவர் சொன்ன தமிழ்ச் சொற்களை அப்படியே எழுதுங்கள், தமிழ் எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ. அடுத்த வரியில் அதன் பொருளை ஆங்கிலத்தில் எழுதி, இது உங்கள் மொழிபெயர்ப்பு என்று குறிப்பிடுங்கள். அதன் பிறகு நடக்கும் முறையான விசாரணைக்கு நீங்கள் மொழிபெயர்ப்பாளராக உட்காராதீர்கள். மகளோ மருமகனோ உட்காரவே கூடாது. வெளியிலிருந்து தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். குடும்பத்தினர் முன்னால் அந்தப் பெரியவர் “எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டார்.

‘அவர் வேண்டாம் என்கிறாரே, எப்படிப் புகார் கொடுப்பது?’ என்ற கேள்விக்கு ஒர்க்புக் தரும் விளக்கம் போதாது. 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்தின்படி, ஒருவர் முடிவெடுக்கும் திறன் அற்றவர் என்று நிறுவும்வரை திறன் உள்ளவர்தான். புத்திசாலித்தனமில்லாத முடிவை எடுத்தார் என்பதற்காகத் திறனற்றவர் ஆகிவிடமாட்டார். பேரனுக்குத் தன் பணத்தைக் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் பயத்தில் கொடுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கும் ஆபத்து, குற்றம் நடந்திருக்கலாம், மிரட்டலுக்கு அடங்கிப் பேசுகிறார், செய்தவர் ஒரு ஊழியர் போன்ற நிலைகளில் அவர் சம்மதிக்காவிட்டாலும் தகவலைப் பகிர வேண்டும், பகிர்வதை அவரிடம் சொல்லிவிட்டு. சொன்னால் அவருக்கே ஆபத்து என்றால் மட்டும் சொல்லாமல். கார்ன்வாலின் செயின்ட் ஆஸ்டலில் கற்றல் குறைபாடு கொண்ட ஸ்டீவன் ஹாஸ்கின், சமூக சேவையின் வாராந்திர வருகை வேண்டாம் என்றார், நிறுத்திவிட்டார்கள். நண்பர்கள் என்று வீட்டுக்குள் புகுந்தவர்கள் 2006 ஜூலையில் அவரைக் கொன்றார்கள். ‘அவர் விருப்பம்’ என்று எழுதிக் கோப்பை மூடும் முன், அந்த விருப்பத்தின் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதை இதைவிடக் கடுமையாக எதுவும் சொல்லித்தராது.

நான்காம் பகுதியில், புகார் சொல்வதில் தடை வந்தால் என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி உண்டு. ஸ்பான்சர் விசாவில் வந்திருப்பவர்கள் அந்தக் கட்டத்தில்தான் அதிகம் எழுத வேண்டும். தடை என்றால் மேனேஜர் கேட்காமல் விடுவது மட்டுமல்ல. “வாயத் திறந்தா ஸ்பான்சர்ஷிப் போயிடும்” என்ற பயம்தான் பெரிய தடை. பயத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்ல மாட்டோம். வேலை போனால் வழக்கமாக 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் தேட வேண்டும், 2025 ஜூலைக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேரர்களை எடுக்கும் வழியும் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் 1998-ஆம் ஆண்டு பொதுநலத் தகவல் வெளியீட்டுச் சட்டம் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்புத் தருகிறது. நிறுவனத்துக்குள் பயன் இல்லையென்றால் நேராகக் கவுன்சிலின் அடல்ட் சேஃப்கார்டிங் குழுவிடம் போகலாம். கண்காணிப்பு அமைப்பான கேர் குவாலிட்டி கமிஷனை 03000 616161-இல் அழைக்கலாம், பெயர் சொல்லாமலும் பேசலாம். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னோம் என்ற குறிப்பை அன்றன்றே எழுதி வையுங்கள், நோயாளியின் பெயர் வெளியே போகாதபடி. பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூவில் நடந்த கொடுமையை 2011 மே மாதம் பிபிசியின் ரகசியக் கேமரா காட்டும் முன்பே அங்கே வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் நிர்வாகத்திடமும் கண்காணிப்பு அமைப்பிடமும் எச்சரித்திருந்தார். உரிய நேரத்தில் யாரும் செவிகொடுக்கவில்லை. பிறகு 11 ஊழியர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், ஆறு பேர் சிறை சென்றார்கள். ஒரு தடவை சொல்லிவிட்டோம் என்று நிறுத்தாமல், பதில் வராவிட்டால் அடுத்த கதவைத் தட்ட வேண்டும் என்று ஒர்க்புக் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

11-ஆவது தரத்துக்கு வருவோம். ‘நான் முதியவர்களைத்தான் பார்க்கிறேன், குழந்தைகள் எனக்கு எதற்கு?’ என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் அதிகம். எந்தச் சூழ்நிலையில் சந்தித்த குழந்தையாக இருந்தாலும், துன்புறுத்தல் அல்லது கவனிப்பின்மை என்ற சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லா ஊழியரும் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது தரத்தின் வாசகம். பாட்டியைக் குளிப்பாட்டப் போகும் வீட்டில் பேத்தி பள்ளி நாளில் வீட்டிலேயே இருக்கிறாள். தாத்தாவைப் பார்க்க வார்டுக்கு வரும் சிறுவன் அப்பா கையை உயர்த்தினாலே பதுங்குகிறான். இவை நம் கண்ணில் படும், ஆசிரியர் கண்ணில் படாமல் போகலாம்.

இங்கே அழுத்தமாகத் தெரிந்திருக்க வேண்டியவை சில. 18-ஆவது பிறந்தநாள் வரும்வரை எல்லோரும் குழந்தைதான், தனியாக வாழும் 17 வயதுக்காரர் உட்பட. வகை பத்து அல்ல, நான்கு. உடல்ரீதி, மனரீதி, பாலியல், கவனிப்பின்மை. 42-ஆவது பிரிவு இங்கே பொருந்தாது. 1989-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தில் உதவி தேவைப்படும் குழந்தைக்கு 17-ஆவது பிரிவு, கடுமையான தீங்குக்கான சந்தேகத்துக்கு 47-ஆவது பிரிவு. இரண்டாவதில் பெற்றோரின் சம்மதத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. தவழவோ பிடித்து நடக்கவோ தொடங்காத கைக்குழந்தையின் உடலில் கன்றல் இருந்தால், சிறியதாக இருந்தாலும், காரணம் சொல்லப்பட்டிருந்தாலும் அன்றே சொல்ல வேண்டும். தானாக நகராத குழந்தைக்கு அடிபடுவது அரிது.

‘அடியாத மாடு பணியாது’ என்று வளர்ந்த நமக்கு இங்கே ஒரு தயக்கம் வரும். இங்கிலாந்தில் பெற்றோருக்கு ‘நியாயமான தண்டனை’ என்ற வாதம் 2004-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 58-ஆவது பிரிவில் இன்னும் இருக்கிறது. ஸ்காட்லாந்து 2020-இலும் வேல்ஸ் 2022-இலும் அதை எடுத்துவிட்டன. அது நியாயமானதா இல்லையா என்று அளப்பது கேரரின் வேலை அல்ல. தழும்பைப் பார்த்தால் சொல்வது மட்டுமே வேலை. 2000 பிப்ரவரியில் லண்டனில் எட்டு வயது விக்டோரியா கிளிம்பியே இறந்தபோது உடலில் 128 காயம். மருத்துவமனை, போலீஸ், சமூக சேவை என்று எல்லோரும் அவளைப் பார்த்திருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு துண்டைக் கையில் வைத்திருந்தார்கள், யாரும் ஒட்டிப் பார்க்கவில்லை. லார்ட் லாமிங் விசாரணை 2003-இல் சொன்னதில் முக்கியமானது இதுதான். 11-ஆவது ஒர்க்புக் இந்த வழக்கைக் கொண்டு தகவல் பகிர்வை ஒரு பக்கம் சொல்லிக்கொடுத்திருந்தால் அதன் மெலிவு பாதி தீர்ந்திருக்கும்.

பெண் உறுப்புச் சிதைப்பு பற்றிய கட்டாயப் புகார் விதி 2015 அக்டோபர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. நர்ஸ், டாக்டர் போன்ற பதிவுபெற்றவர்களுக்கே அந்தச் சட்டக் கடமை. கேர் அசிஸ்டன்ட் என்றால் உங்கள் நிறுவனத்தின் வழக்கமான வழியில் உடனே சொல்ல வேண்டும். சில மலிவு வகுப்புகள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எல்லோரையும் பயமுறுத்துகின்றன.

ஒர்க்புக்கை எப்படி எழுதுவது? திரையில் தட்டச்சு செய்யாமல் அச்செடுத்து எழுதுங்கள், ஆங்கிலம் சரளமாக இல்லாதவர்களுக்கு நேரம் இரண்டு மடங்கு ஆகும். 10-க்கு மூன்று உட்காரல், 11-க்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். விடையை முதலில் தமிழில் யோசித்து, உங்கள் வேலையிடத்தின் ஓர் உதாரணத்தோடு எழுதுங்கள். இணையத்தில் கிடக்கும் விடைத்தாளை நகல் எடுத்தால் மதிப்பிடுகிறவர் கேட்கும் முதல் துணைக்கேள்வியிலேயே தெரிந்துவிடும். ‘உள்ளூர் ஏற்பாடுகள்’ என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். அங்கே எழுத வேண்டியது நான்கு: உங்கள் நிறுவனத்தின் சேஃப்கார்டிங் பொறுப்பாளர் பெயர், அவர் இல்லாத ஷிஃப்டில் யார், கவுன்சிலின் பகல் எண், இரவும் விடுமுறையும் எடுக்கும் அவசரக் குழுவின் எண். குழந்தை விஷயத்தில் தயக்கம் இருந்தால் ஆலோசனை கேட்க, குழந்தைகளைக் காக்கும் தொண்டு நிறுவனமான என்எஸ்பிசிசியின் உதவி எண் 0808 800 5000. குழந்தையே பேச விரும்பினால் சைல்டுலைன் 0800 1111. ஊழியர் ஒருவர்மேலேயே குழந்தை தொடர்பான புகார் வந்தால், கவுன்சிலில் அதற்கென்றே இருக்கும் லேடோ அதிகாரியிடம் நிறுவனம் ஒரு வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அந்த எண்ணையும் அதே கட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரவு ஷிஃப்டில், ஹேண்ட்ஓவர் தாளின் பின்பக்கத்தில் இந்த எண்கள் இல்லையென்றால் காலைவரை காத்திருக்க வேண்டியிருக்கும்.